கண்ணனின் கடைசி நாள்



நம் ஊர்களில் பாரதம் பதினெட்டாம் போரோடு முடிந்துவிடும். துரியோதனன் படுகளத்தில் வீழ்வான், பாஞ்சாலி கூந்தல் முடிவாள், தீமிதி நடக்கும், பந்தலைப் பிரித்துவிடுவார்கள். கூத்து மட்டுமல்ல, வில்லிபுத்தூராரின் பாரதமும் பத்துப் பருவங்களோடு, போர் முடிந்த கையோடு நின்றுவிடுகிறது. வியாச பாரதத்தில் அதற்குப் பிறகு எட்டுப் பருவங்கள் இருக்கின்றன. அவற்றுள் பதினாறாவது மௌசல பருவம். மிகச் சிறியது. ஒரு மாலைப் பொழுதில் படித்து முடித்துவிடலாம். கண்ணன் இறந்ததை அது சொல்கிறது.

வேடன் அம்பு தைத்துக் கண்ணன் வைகுண்டம் போனான் என்று சிறுவயதில் நம் எல்லோர் காதிலும் ஒரு வரியாக விழுந்திருக்கும். அந்த வரிக்குள் ஒரு பெரிய நியாயம் அடங்கியிருக்கிறது என்று நான் நம்புகிறேன். குருக்ஷேத்திரத்தில் வென்றவர்கள் செய்த தவறுகளுக்கான தண்டனையைக் கண்ணன் தன் வீட்டுக்கும் தன் உடம்புக்கும் வரவழைத்துக்கொண்டான். பிறர் மேல் அதைத் தள்ளிவிடும் வல்லமை இருந்தும் அவன் தள்ளவில்லை. இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

போர் முடிந்த மறுநாளிலிருந்து தொடங்க வேண்டும். நூறு பிள்ளைகளின் பிணங்களுக்கு நடுவே காந்தாரி நிற்கிறாள். அவள் பாண்டவர்களைச் சபிக்கவில்லை. கண்ணனைப் பார்த்துக் கேட்கிறாள்: உனக்குப் படை இருந்தது, சொல்வாக்கு இருந்தது, தடுத்திருக்கலாம், ஏன் தடுக்கவில்லை? பங்காளிகள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டதை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். இன்றிலிருந்து முப்பத்தாறாம் ஆண்டில் உன் குலத்தை நீயே அழிப்பாய். பிள்ளைகளும் உறவும் இல்லாமல், காட்டில் தனியாக, இழிவான முறையில் நீ சாவாய். இங்கே எங்கள் பெண்கள் அழுவதுபோல் உன் வீட்டுப் பெண்கள் அழுவார்கள்.

கண்ணன் சிரித்தான் என்கிறது பாரதம். இது நடக்கப்போவது எனக்குத் தெரியும், விருஷ்ணிகளை மனிதரோ தேவரோ அசுரரோ அழிக்க முடியாது, அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டுதான் மாள்வார்கள் என்று சொன்னான். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாயின் கேள்விக்கு அவன் மறுப்புச் சொல்லவில்லை என்று நான் இங்கே நிறுத்தினால் அது அரை உண்மையாகிவிடும். அடுத்த மூச்சிலேயே, உன் மகனை நீ அடக்கி வளர்த்திருந்தால் இவ்வளவு அழிவு வந்திருக்காது என்று அவளைக் கடிந்தும் பேசுகிறான். பழியில் அவளுக்கும் பங்கு உண்டு என்று சொன்ன அதே வாயால் தன் பங்கையும் ஏற்றுக்கொண்டான். சாபத்தை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் ஓடின. துவாரகைக்கு விசுவாமித்திரர், கண்வர், நாரதர் வந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் புத்தி. ஜாம்பவதியின் மகன் சாம்பனுக்குப் பெண் வேடம் கட்டி, முனிவர்கள் முன் நிறுத்தி, இவள் கருவுற்றிருக்கிறாள், என்ன குழந்தை பிறக்கும் என்று கேட்டார்கள். இரும்பு உலக்கை பிறக்கும், அதனால் உங்கள் குலம் அழியும் என்று சாபம் வந்தது. மறுநாள் சாம்பன் உலக்கையைப் பெற்றான். அதைப் பொடியாக்கிக் கடலில் கரைத்தார்கள். பொடி கரையில் ஒதுங்கிக் கோரையாக முளைத்ததையும், எஞ்சிய துண்டை மீன் விழுங்கி, அது ஒரு வேடன் கைக்கு வந்து அம்பு முனையானதையும் விஷ்ணு புராணமும் பாகவதமும் சொல்கின்றன. இது நீங்கள் கேட்ட கதைதான்; அதில் நான் அதிகம் தங்கவில்லை.

அதைவிட அந்த ஊர் எடுத்த முன்னேற்பாடு என்னை யோசிக்க வைக்கிறது. நகரில் இனி யாரும் மது காய்ச்சக் கூடாது, காய்ச்சினால் உற்றாரோடு கழுவேற்றப்படுவார்கள் என்று முரசு அறைந்தார்கள். ஆபத்து வெளியிலிருந்து வராது, நமக்குள்ளிருந்துதான் வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பயனில்லை. சங்கு ஊதினால் நாலாபுறமும் கழுதைகள் கத்தின. தெருக்களில் எலிகள் பெருகின. கண்ணனின் சக்கரம் எல்லோர் கண் முன்னே வானேறிப் போயிற்று. குதிரைகள் தேரை இழுத்துக்கொண்டு கடல்மேல் ஓடி மறைந்தன. கண்ணனின் கருடக் கொடியையும் பலராமனின் பனைக்கொடியையும் அப்சரஸ்கள் கொண்டுபோய்விட்டார்கள். நம் பழந்தமிழ் நூல்கள் பனைக்கொடியோன் என்று பாடும் அதே பலராமன்தான். காந்தாரியின் சொல்லை நினைத்த கண்ணன், அது மெய்யாகட்டும் என்று எண்ணியே, எல்லோரும் பிரபாசத்துக்குத் தீர்த்த யாத்திரை புறப்படுங்கள் என்று கட்டளையிட்டான். தப்பிக்க வழி தேடாதது மட்டுமல்ல, இடத்தையும் அவனே குறித்துக் கொடுத்தான்.

பிரபாசம் இன்றைய குஜராத்தில், சோமநாதர் கோயில் இருக்கும் கடற்கரை. அங்கே போனதும் நகரத்தின் தடை அற்றுப்போயிற்று. குடித்தார்கள். அந்தணர்களுக்குச் சமைத்த சோற்றில் மதுவைக் கலந்து குரங்குகளுக்குப் போட்டார்கள். அந்தக் குடிக் கூட்டத்தில் ஒரு பேச்சு எழுந்தது. அதுவே இந்தக் கதையின் அச்சு என்பதால் இதை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன்.

சாத்தியகியும் கிருதவர்மனும் யாதவர்கள், ஒரே குடிமரபினர். ஆனால் குருக்ஷேத்திரத்தில் சாத்தியகி பாண்டவர் பக்கம் நின்றான், கிருதவர்மன் துரியோதனன் பக்கம் நின்றான். தன் படையைத் துரியோதனனுக்கும் தன்னை அர்ஜுனனுக்கும் கண்ணன் பங்கிட்டுக் கொடுத்தபோதே யாதவர்கள் இரண்டாகப் பிளந்துவிட்டார்கள். முப்பத்தாறு ஆண்டுகளாக ஒரே ஊரில் குடியிருந்தும் அந்தப் பிளவு ஆறவில்லை. மது உள்ளே போனதும் சாத்தியகி ஏளனமாகக் கேட்டான்: செத்தவர்கள்போல் தூங்கிக்கிடந்தவர்களைக் கொல்ல எந்த க்ஷத்திரியனுக்கு மனம் வரும்? அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து உறங்கியவர்களைக் கொன்ற இரவில், வாசலில் நின்று தப்பி ஓடியவர்களை வெட்டியவன் கிருதவர்மன். அவனும் விடவில்லை. இடது கையை நீட்டி அவமதித்துக்கொண்டே கேட்டான்: கை அறுபட்டு, போரைக் கைவிட்டு, யோகத்தில் அமர்ந்திருந்த பூரிசிரவஸின் தலையை வெட்டியவன் நீதானே?

பூரிசிரவஸ் யார் என்பதை மறந்திருப்பவர்களுக்காக: பதினான்காம் நாள் போரில் சாத்தியகியைக் கீழே தள்ளி, மயிரைப் பிடித்து, வாளை ஓங்கியவன் அவன். சாத்தியகியைக் காப்பாற்று என்று கண்ணன் சொல்ல, வேறிடத்தில் போர் செய்துகொண்டிருந்த அர்ஜுனன் அம்பெய்து, ஓங்கிய கையை அறுத்தான். தன்னோடு போர் செய்யாதவனின் கையை அறுப்பது எந்த அறம் என்று பூரிசிரவஸ் கேட்டான். பிறகு மிஞ்சிய கையால் அம்புகளைப் பரப்பி, அவற்றின் மேல் அமர்ந்து, உயிர் விடத் தீர்மானித்து யோகத்தில் ஆழ்ந்தான். அப்போதுதான் சாத்தியகி எழுந்து அவன் தலையை வெட்டினான். கண்ணனும் அர்ஜுனனும் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியும் கேட்கவில்லை.

மறுநாள் துரோணர். மகன் இறந்தான் என்ற பொய்யைக் கேட்டு, ஆயுதத்தை எறிந்துவிட்டு, தேர்த்தட்டில் யோகத்தில் அமர்ந்தார். திருஷ்டத்யும்னன் ஏறி வெட்டினான். அந்தப் பொய்யைச் சொல்லும்படி ஆலோசனை தந்தவன் கண்ணன்.

யோகத்தில் அமர்ந்து இறந்த இந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரபாசத்தில் பேச்சு முற்றியது. சியமந்தக மணிக்காகச் சத்ராஜித்து கொல்லப்பட்ட பழைய கதையைச் சாத்தியகி கிளறினான். சத்ராஜித்தின் மகள் சத்யபாமா அழுதுகொண்டு கண்ணன் மடியில் விழுந்தாள். சாத்தியகி எழுந்து, திரௌபதியின் ஐந்து பிள்ளைகள் மேல் ஆணையிட்டு, கிருதவர்மனின் தலையை வெட்டினான். போஜர்களும் அந்தகர்களும் சாத்தியகியைச் சூழ்ந்து எச்சில் பாத்திரங்களால் அடித்தார்கள். காப்பாற்றப் புகுந்தவன் கண்ணனின் மூத்த மகன் பிரத்யும்னன். கண்ணன் கண் எதிரே இருவரும் மாண்டார்கள்.

அப்போது கண்ணன் குனிந்து ஒரு பிடி கோரைப்புல்லைப் பறித்தான். அது இரும்பு உலக்கையாயிற்று. எதிரே வந்தவர்களை அடித்தான். எல்லோரும் புல்லைப் பறித்தார்கள்; பறித்த புல் எல்லாம் உலக்கையாயிற்று. தந்தை மகனை அடித்தான், மகன் தந்தையை அடித்தான். சாம்பன் விழுந்தான், சாருதேஷ்ணன் விழுந்தான், பேரன் அநிருத்தன் விழுந்தான், தம்பி கதன் விழுந்தான். மிஞ்சியவர்களைக் கண்ணனே முடித்தான். கதை சொல்கிறவர்கள் பலர் இந்த இடத்தில் கண்ணனை ஓரமாக நிறுத்திவிடுவார்கள். சாபம் கொன்றது, விதி கொன்றது என்பார்கள். பாரதம் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. புல்லைப் பறித்தது அவன் கை. உன் குலத்தை நீயே அழிப்பாய் என்ற காந்தாரியின் சொல் எழுத்து பிசகாமல் நிறைவேறியது.

இன்னொன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அசுவத்தாமனின் அஸ்திரத்தால் உத்தரையின் வயிற்றுப் பிள்ளை செத்துப் பிறந்தபோது, தன் சத்தியத்தை முன்வைத்து அதற்கு உயிர் கொடுத்தவன் கண்ணன். அந்தப் பிள்ளைதான் பரீக்ஷித்து. பாண்டவர் வம்சம் அவனால் நின்றது. தங்கை சுபத்திரையின் பேரனை எழுப்பியவன் தன் சொந்தப் பிள்ளைகளில் ஒருவனைக்கூட எழுப்பவில்லை. பிறருக்குக் கேட்ட வரத்தைத் தனக்குக் கேட்டுக்கொள்ளாத இந்த மனத்தை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அர்ஜுனனை அழைத்துவரும்படி தேரோட்டி தாருகனை அஸ்தினாபுரத்துக்கு அனுப்பினான். துவாரகைக்குப் போய்த் தந்தை வசுதேவரிடம், அர்ஜுனன் வரும்வரை பெண்களைக் காத்துக்கொள்ளுங்கள், அண்ணன் காட்டில் காத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு அவர் காலில் விழுந்து புறப்பட்டான். பெண்களின் அழுகுரல் எழுந்தது. அர்ஜுனன் வந்து உங்கள் துயரத்தைத் தீர்ப்பான் என்று அவர்களைத் தேற்றினான்.

பலராமன் ஒரு மரத்தடியில் யோகத்தில் இருந்தான். கண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் வாயிலிருந்து ஆயிரம் தலையுள்ள வெண்ணிற நாகம் புறப்பட்டுக் கடலுக்குள் போயிற்று. அதன்பின் கண்ணன் தனியன். ஆளில்லாத காட்டில் சுற்றினான். காந்தாரியின் சொல்லை நினைத்தான். துருவாசர் சொன்னதையும் நினைத்தான். ஒரு காலத்தில் துருவாசர் தன் எச்சில் பாயசத்தை உடம்பெங்கும் பூசிக்கொள்ளச் சொன்னார், கண்ணன் பூசிக்கொண்டான், உள்ளங்காலில் மட்டும் பூசவில்லை. பூசிய இடத்தில் உனக்குச் சாவு பயம் இல்லை, உள்ளங்காலை ஏன் விட்டாய் என்று அவர் கேட்டார். இவற்றை நினைத்துவிட்டுக் கண்ணன் தரையில் படுத்து, புலன்களை அடக்கி, யோகத்தில் ஆழ்ந்தான். ஜரன் என்ற வேடன் மான் என்று எண்ணி அம்பெய்தான். அது உள்ளங்காலில் தைத்தது.

பூரிசிரவஸும் துரோணரும் இங்கே திரும்பி வருகிறார்கள் என்பது என் வாசிப்பு. ஆயுதத்தைக் கைவிட்டு யோகத்தில் இருந்தவனைக் கொல்வதுதான் அந்தப் போரில் வென்ற பக்கம் செய்த மிகக் கொடிய காரியம். அந்த இரு மரணங்களுக்கும் வழி கோலியதில் கண்ணனுக்குப் பங்கு உண்டு. அவனுக்கு வாய்த்த மரணமும் அதே உருவில் வந்தது. சக்கரம் இல்லை, தேர் இல்லை, காவல் இல்லை, யோகத்தில் இருக்கிறான், அம்பு வருகிறது. பாரதம் இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் பிரபாசத்துச் சண்டையில் கிருதவர்மன் பதிலுக்கு எடுத்தது பூரிசிரவஸின் பெயரைத்தான் என்பதைக் கவனித்தவர்களுக்கு இந்தத் தொடர்பு தப்பாது.

ஜரன் முற்பிறவியில் வாலி, மறைந்து நின்று கொன்ற இராமனுக்கு இந்தப் பிறவியில் பழி தீர்த்தான் என்று ஒரு கதை நம்மிடம் பரவலாக உலவுகிறது. மௌசல பருவத்தில் அது இல்லை. கேட்பதற்கு நயமாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நான் அதை ஏற்கத் தயங்குகிறேன். பழி தீர்க்க வந்தவன் என்று ஆக்கிவிட்டால் ஜரனுக்கும் கண்ணனுக்கும் இடையே நடந்தது மறைந்துவிடுகிறது. ஜரன் யாருக்கும் பகைவன் இல்லை. அவன் வயிற்றுப் பிழைப்புக்கு மான் தேடி வந்தவன். கம்சனாலும் ஜராசந்தனாலும் சிசுபாலனாலும் முடியாதது, பகையே இல்லாத ஒருவன் கையால் தவறுதலாக நடந்தது. வேடன் ஓடிவந்து பார்த்தான். மஞ்சள் ஆடை உடுத்தி யோகத்தில் இருந்த பெருமானைக் கண்டான். நடுங்கிப்போய்க் காலைப் பிடித்தான். கண்ணன் அவனைத் தேற்றினான். வீட்டில் பெண்களைத் தேற்றிவிட்டு வந்தவன், கடைசியாகத் தேற்றியது தன்னைக் கொன்றவனை. பிறகு ஒளியால் திசைகளை நிரப்பிக்கொண்டு மேலே சென்றான்.

இங்கே நம் நூல்கள் பிரிகின்றன. கண்ணன் தன் திருமேனியை எரியவிடாமல் அதனோடே தன் உலகுக்குப் போனான் என்கிறது பாகவதத்தின் பதினோராம் ஸ்கந்தம். வைணவப் பெரியோர்கள் அவன் தன்னுடைச் சோதிக்கு எழுந்தருளியதாகச் சொல்லும் மரபும் உண்டு. பாரதமோ, அர்ஜுனன் வந்து பலராமன் உடலையும் கண்ணன் உடலையும் தேடிக் கண்டெடுத்து, நம்பிக்கையான ஆட்களைக் கொண்டு எரியூட்டினான் என்கிறது. விஷ்ணு புராணமும் உடலைத் தேடி எடுத்துச் சடங்கு செய்ததைச் சொல்கிறது. பக்தி மிகுந்த மனம் பாகவதத்தின் பக்கம் சாய்வது இயல்பு. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமை இல்லை. ஆனால் என் நெஞ்சு பாரதத்தோடுதான் நிற்கிறது. தேரில் எவனைத் தோழனாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீதை கேட்டானோ, அவன் உடலைக் காட்டில் தேடுகிறான் அர்ஜுனன். அந்தத் தேடலை வியாசர் விரிக்கவே இல்லை. புலம்பல் இல்லை, வருணனை இல்லை. அபிமன்யுவுக்காகப் பக்கம் பக்கமாக அழவைத்தவர் இங்கே ஓரிரு அடிகளில் கடந்துவிடுகிறார். மனிதனாகப் பிறந்தவன் மனிதனாகவே எரிந்தான் என்று சொல்ல அவருக்குத் துணிவு இருந்தது. பிறப்பில் சிறைக்கூடத்தையும், வளர்ப்பில் மாட்டுத் தொழுவத்தையும் ஏற்றுக்கொண்ட அவதாரம், சாவில் மட்டும் விலக்கு கேட்கவில்லை.

அதன்பின் நடந்தவை வேகமாக நடக்கின்றன. வசுதேவர் ஏற்கெனவே உயிர் துறந்துவிட்டார். தேவகி முதலானோர் அவரோடு தீப்புகுந்தார்கள். எஞ்சிய மக்களை அழைத்துக்கொண்டு அர்ஜுனன் கிளம்ப, பின்னாலேயே கடல் துவாரகையை மூடிக்கொண்டு வந்தது. வழியில் ஆபீரர்கள் தடிகளோடு வந்து பெண்களைக் கவர்ந்தார்கள். காண்டீபத்தை நாணேற்றவே அவன் திணறினான். அஸ்திரங்களின் மந்திரம் நினைவுக்கு வரவில்லை. வற்றாத அம்பறாத்தூணி வற்றியது. உன் வீட்டுப் பெண்கள் அழுவார்கள் என்றாளே காந்தாரி, அதுவும் நடந்து முடிந்தது. தன்னை வீரன் என்று நினைத்திருந்த அர்ஜுனனுக்கு, அந்த வீரத்தில் எவ்வளவு தன்னுடையது என்பது அன்றுதான் தெரிந்தது. அநிருத்தனின் மகன் வஜ்ரனை இந்திரப்பிரஸ்தத்தில் அரசனாக்கினான். கண்ணனின் வழியில் மிஞ்சியவன் அந்தச் சிறுவன்தான்.

வேராவல் நகரை ஒட்டி பால்கா தீர்த்தம் என்ற கோயில் இருக்கிறது. அம்பு தைத்த இடம் அதுவே என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. மரத்தடியில் கால் மடித்துச் சாய்ந்திருக்கும் கண்ணன், எதிரே கைகூப்பி மண்டியிட்ட ஜரன். வேடனைக் கோயிலுக்கு வெளியே தள்ளவில்லை, கருவறையிலேயே வைத்திருக்கிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி, ஹிரண் நதி கடலை நெருங்கும் முக்கூடல் கரையில், தேகோத்சர்கம். உடல் நீத்த இடமாக அதை வணங்குகிறார்கள்.

கடவுள் இறந்தார் என்று சொல்வது அபசாரம் இல்லையா என்று இதுபோன்ற கூட்டங்களில் யாராவது வருத்தத்தோடு கேட்பதுண்டு. அவர்களைப் பூரிக்கு அழைத்துப் போக ஆசைப்படுகிறேன். 15-ஆம் நூற்றாண்டில் ஒடிய மொழியில் பாரதம் பாடிய சாரளா தாசர், கண்ணனின் உடல் முழுதும் எரியாமல் போனதையும், அது கடலில் மிதந்து பூரிக்கு வந்து ஜகந்நாதராக ஆனதையும் பாடுகிறார். ஜகந்நாதரின் திருமேனி வேப்ப மரம். ஆஷாட மாதம் இரட்டிக்கும் ஆண்டுகளில் அது புதுப்பிக்கப்படும். நவகளேபரம் என்று பெயர். 1977, 1996, 2015 ஆகிய ஆண்டுகளில் நடந்தது. நள்ளிரவில், கண்ணைக் கட்டிக்கொண்டு, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு, பழைய திருமேனிக்குள் இருக்கும் பிரம்மம் என்ற பொருளைப் புதிய திருமேனிக்கு மாற்றுவார்கள். பழையதைக் கோயிலி வைகுண்டம் என்ற இடத்தில், கோயில் மதிலுக்குள்ளேயே, மண்ணில் புதைப்பார்கள்.

அதைச் செய்யும் உரிமை தைத்தாபதிகளுக்கு உரியது. சபர வேடர் தலைவன் விசுவாவசுவின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். ஜரனோடு அந்த மரபை இணைக்கும் கதைகளும் ஒடிசாவில் உண்டு. புதைத்த பிறகு அவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர் இறந்ததற்குக் காப்பதுபோலவே துக்கம் காக்கிறார்கள், தீட்டு கழிக்கிறார்கள். வேறு யாரையும்விட அவர்களே பெருமானுக்கு நெருங்கிய உறவு என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. கோயிலுக்கு வரும் இலட்சக்கணக்கான பக்தர்களில் ஒருவரும் அதை அபசாரமாக நினைப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.